தனியே ஒரு வார இறுதி: முல்லைத்தீவுக் கடலுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

"தனியாகவா வந்தீர்கள்?"

முல்லைத்தீவுக் கரையில் உங்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். கேட்கிறவர் வலை பொத்திக்கொண்டிருக்கும் ஓர் ஐயாவாகவோ, கருவாடு காயப்போடும் ஓர் அம்மாவாகவோ இருப்பார். அதில் குற்றம் காணும் தொனி இராது. தனியே வந்த பிள்ளைக்கு வீட்டில் ஏதும் கவலையோ என்ற அக்கறைதான். "ஓம், இரண்டு நாள் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வந்தேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். "நல்லது பிள்ளை, இந்த நிழலில் இருங்கள்" என்று மறுமொழி வரும். அந்த ஒரு வார்த்தையோடு நீங்கள் அந்தக் கரைக்கு வேண்டியவராகிவிடுவீர்கள்.

நான் வவுனியாவில் இருக்கிறேன். குளமும் வயலும் காடும் பார்த்து வளர்ந்த எங்களுக்குக் கடல் என்பது வருடத்துக்கு ஒரு தடவை, வான் பிடித்து, சோற்றுப் பார்சல் கட்டி, இருபது பேராகப் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வரும் இடம். தனியே போகலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானாகப் போய், சில பிழைகள் விட்டு, படித்துக்கொண்டதை இங்கே முறையாகச் சொல்கிறேன்.

முதற் பயணத்தில் நான் விட்ட பிழையையே முதலில் சொல்ல வேண்டும். ஒரே சனிக்கிழமையில் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோவில், வற்றாப்பளை, நாயாறு, கொக்கிளாய் என்று நான்கு இடங்களை எழுதி வைத்துக்கொண்டு போனேன். கொக்கிளாய் வீதியில் திரும்பி வரும் பஸ்ஸைத் தவறவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் ஆளில்லாத தெருவில் நின்றேன். வயலால் திரும்பிய ஒரு குடும்பம் லாண்ட்மாஸ்டரில் ஏற்றி வந்து நகரத்தில் இறக்கிவிட்டது. அன்று நான் கடலைப் பார்த்தது மொத்தமாக அரை மணி நேரம் இருக்காது. அதிலிருந்து என் கணக்கு இதுதான்: ஒரு கரை, இரண்டு விடியல். அதற்கு மேல் எதையும் திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

நாள் குறித்தல்

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கிழக்குக் கடலை நினைக்கவே வேண்டாம். வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து கடல் கறுத்து, கரையை அரித்துக்கொண்டிருக்கும். தை, மாசியில் மழை விட்டாலும் அலை முழுதாக அடங்கியிராது. பங்குனி தொடங்கி ஆவணி வரை உள்ள காலமே புதியவர்களுக்கு ஏற்றது. வெயில் கடுமையாகத்தான் இருக்கும், ஆனால் கடல் மனிதரோடு இருக்கும்.

விடியல் இரண்டு வேண்டுமென்றால் வெள்ளி இரவும் சனி இரவும் தங்க வேண்டும். வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு கிடைத்தால் எடுத்துவிடுங்கள். இன்னொரு வழி, வெள்ளியிலோ திங்களிலோ போயா, அதாவது பூரணை விடுமுறை, வருகிற வார இறுதியைத் தேர்ந்தெடுப்பது. இதை நான் அழுத்திச் சொல்வதற்கு லீவு மட்டும் காரணமில்லை. முல்லைத்தீவுக் கரை கிழக்கு நோக்கியது. பூரணை நாளில் சூரியன் முதுகுப்பக்கம் மறைகிற அதே நேரத்தை ஒட்டி, முழு நிலவு கடலுக்குள்ளிருந்து செம்மஞ்சளாக எழும். மறுநாள் அதே நிலவு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தி, நன்றாக இருட்டிய பின் வரும். வவுனியாவில் மின்கம்பிகளுக்கு மேலே பார்க்கிற நிலவும் இதுவும் ஒன்றுதான் என்று நம்பவே முடியாது.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வன்னி முழுவதும் அங்கே திரளும். அறை கிடைக்காது, அமைதியும் கிடைக்காது. பொங்கலுக்கென்றே போவதானால் அது வேறு பயணம், கட்டாயம் ஒரு தடவை போக வேண்டிய பயணம். கடற்கரையில் தீர்த்தம் எடுத்து, அந்தக் கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கம் அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. மே 18ஐ ஒட்டிய நாட்களிலும் ஓய்வு தேடி அங்கே போகாதீர்கள். அந்த நாட்கள் போரில் இறந்தவர்களுக்கான அஞ்சலிக்கு உரியவை.

அறை

முல்லைத்தீவு நகரத்திலும், அதற்கு முன்னால் வரும் முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கத்திலும் சிறிய விடுதிகள் இருக்கின்றன. பெரிய ஹோட்டல்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். முதற் பயணத்துக்கு நகரத்தில் தங்குவதுதான் நல்லது, விடியற்காலையில் கரைக்கு நடந்தே போகலாம். தொலைபேசியில் பேசும்போது ஐந்து விடயங்களைக் கேளுங்கள்: கரைக்கு நடை தூரமா, நுளம்பு வலை இருக்கிறதா, குளிக்கிற தண்ணீர் உவரா நன்னீரா, இரவுச் சாப்பாட்டை எத்தனை மணிக்கு முன் சொல்லிவைக்க வேண்டும், காலை ஐந்து மணிக்கு வெளிவாசல் திறக்க முடியுமா. கடைசிக் கேள்வியை நான் ஒருமுறை கேட்கத் தவறி, பூட்டிய படலைக்கு உள்ளே நின்றுகொண்டு ஒரு நல்ல விடியலை இழந்தேன்.

பெண்கள் இன்னொன்றையும் கேளுங்கள்: வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே இருக்கிறாரா என்று. அப்படி இருக்கிற இடத்தையே எடுங்கள். தேசிய அடையாள அட்டையை மறக்க வேண்டாம், பதிவதற்குக் கேட்பார்கள்.

பாதை

வழி இரண்டு. வவுனியாப் பக்கத்திலிருந்து வருபவர்கள் ஏ9 வீதியில் மாங்குளம் வந்து, ஏ34 வழியாக ஒட்டுசுட்டான், முள்ளியவளை கடந்து போகலாம். யாழ்ப்பாணம், கிளிநொச்சியிலிருந்து வருபவர்கள் பரந்தனில் திரும்பி, ஏ35 வழியாக விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் கடந்து நகரத்துக்கு வருவார்கள். இரண்டு வீதிகளும் தனித்தனியே ஏறக்குறைய 50 கிலோமீற்றர். வவுனியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் நேர் பஸ் உண்டு. ரயிலில் வருகிறவர்கள் மாங்குளத்தில் இறங்கி பஸ் பிடிக்கலாம்.

எந்த வழியானாலும் வெளிச்சத்திலேயே போய்ச் சேருங்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு இதை இரண்டு தடவை சொல்வேன். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிக் காட்டுப் பகுதிகளில் பொழுதுபட்டால் யானை வீதிக்கு வரும்.

போகிற வழியில் இறங்கச் சொல்லவில்லை, யன்னலால் பார்த்துக்கொள்ளுங்கள்: ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில்தான் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் தோற்ற இடத்தைக் குறிக்கும் கல்லை வெள்ளைக்காரர் நட்டார்கள். அதே 1803ஆம் ஆண்டில், சில வாரங்களுக்கு முன்னர், அவன் முல்லைத்தீவுக் கோட்டையிலிருந்து அவர்களை விரட்டியிருந்தான். நீங்கள் போகும் கரை அவன் மீட்ட கரை.

பை

ஒரு தோள் பைக்கு மேல் வேண்டாம். இரண்டு மாற்று உடுப்பு, துவாய், விரித்து உட்கார ஒரு பழைய சாரம், தொப்பி, டோர்ச், இரண்டு லீற்றர் தண்ணீர், வெயிலில் களைத்தால் கரைத்துக் குடிக்க இரண்டு பாக்கெட் ஜீவனி, நுளம்புச் சுருள், சில்லறைக் காசு. வங்கி இயந்திரம் நகரத்தில் உண்டு, கரையோரக் கிராமங்களில் தேடாதீர்கள். வீட்டில் ஒருவரிடம் விடுதியின் பெயரையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

முதல் விடியல்

சித்திரையிலிருந்து ஆவணி வரை சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்பின்னாகக் கடலால் எழும். நீங்கள் 5.15க்குக் கரையில் இருக்க வேண்டும். சூரியன் வந்த பிறகு போனால் பாதியை இழந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அதற்கு முந்திய அரை மணி நேரத்தில்தான் கடலுக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு கோடு மெல்லத் தோன்றும். இரவு போன படகுகள் அந்தக் கோட்டில் புள்ளிகளாகத் தெரியும். எஞ்சின் சத்தம் காதுக்கு முதலில் வரும், படகு பிறகு வரும்.

ஆளே இல்லாத பகுதியைத் தேடிப் போகாதீர்கள். தனிமை வேண்டித்தான் வந்தீர்கள், எனக்கும் தெரியும். ஆனாலும் தனியே போகிறவருக்கு மீன் வாடிகள், அதாவது மீனவர் கொட்டில்கள், இருக்கும் பக்கமே பாதுகாப்பு. வாடியிலிருந்து ஐம்பது அறுபது அடி தள்ளி, அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் சாரத்தை விரித்து உட்காருங்கள். அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை, உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். உங்களுக்கு ஒன்று என்றால் ஓடி வரப்போகிறவர்களும் அவர்கள்தான்.

கரைவலை இழுக்கிற நாளாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். வளைத்துவிட்ட வலையின் இரண்டு கயிறுகளையும் கரையில் இரண்டு வரிசை ஆட்கள் பின்னோக்கி நடந்து இழுப்பார்கள். வரிசைகள் மெல்ல மெல்ல ஒன்றையொன்று நெருங்கும். கடைசியில் வலையின் மடி கரை தொடும்போது எல்லோருடைய குரலும் மாறிவிடும். அந்த நேரத்தில் இரண்டு கயிறுகளுக்கும் நடுவே நிற்காதீர்கள், கயிற்றைத் தாண்டாதீர்கள், வலையைச் செருப்புக் காலால் மிதிக்காதீர்கள். படம் எடுக்க விருப்பமானால் முதலில் கேளுங்கள். "ஒரு கை பிடியுங்கள்" என்று அழைத்தால் தயங்காமல் போய்ப் பிடியுங்கள். கயிறு உள்ளங்கையைச் சுடும். ஆனால் வாரம் முழுவதும் மேசையில் குனிந்திருந்த முதுகு அந்தக் கால் மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

மீன் கரைக்கு வந்ததும் சிறு மீன்களைக் கூறு போட்டு விற்பார்கள். முன்கூட்டியே விடுதியில் பேசிவைத்திருந்தால், ஒரு கூறு சூடையோ ஒரு துண்டுப் பாரையோ வாங்கிக் கொடுத்துச் சமைப்பிக்கலாம். விடிய வாங்கிய மீனில் மத்தியானச் சோறு. வன்னியில் இதைவிடப் பெரிய விருந்து எனக்குத் தெரியாது.

தண்ணீரில் இறங்குவது

இந்தப் பகுதியை மட்டும் வேகமாக வாசித்துவிட்டுப் போகாதீர்கள்.

இறங்குவதற்கு முன் வாடியில் ஒருவரிடம் கேளுங்கள்: "ஐயா, இன்றைக்குக் கடல் எப்படி? எந்த இடத்தில் இறங்கலாம்?" அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கடல் அமைதியாகத்தானே தெரிகிறது என்று விவாதிக்காதீர்கள். கரையில் நின்று நாம் பார்ப்பது மேல்தண்ணீரை. அவர் பார்ப்பது அடியோட்டத்தை.

தனியே போகிறவருக்கு என் விதி முழங்கால். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கு இடுப்பு. அதற்கு அப்பால் போக, கரையில் உங்களையே பார்த்துக்கொண்டு ஒரு ஆள் நிற்க வேண்டும். தனியே போனவருக்கு அந்த ஆள் இல்லை. இந்தக் கரை சில இடங்களில் திடீரென ஆழும், நேற்று இருந்த மணல் திட்டு இன்று இராது. குளத்தில் நீந்திப் பழகிய நம்மவர்கள் அந்தத் தைரியத்தில்தான் கடலில் இறங்குகிறார்கள். குளம் ஆளை இழுக்காது, கடல் இழுக்கும்.

அப்படி இழுபட்டால் கரையை நோக்கி நேரே நீந்தாதீர்கள், களைத்துப்போவீர்கள். கரைக்குச் சமாந்தரமாக, பக்கவாட்டில் நீந்துங்கள். இழுப்பு ஓர் ஒடுங்கிய பாதையில்தான் ஓடும். அதிலிருந்து விலகியதும் அலையே உங்களைக் கரைக்குத் தள்ளும். நீந்த முடியாவிட்டால் மிதந்துகொண்டு ஒரு கையை உயர்த்துங்கள்.

வைகாசிக்குப் பின் எழும் சோளகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது தென்மேற்கிலிருந்து, காட்டையும் வயலையும் கடந்து சூடாக வந்து, கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அதனால் கரையோரத்தில் அலை படுத்துவிடும், தண்ணீர் குளம் போலத் தெரியும். அதை நம்பிக் காற்றடைத்த டியூபில் ஏறி மிதந்தால், அதே காற்று உங்களை ஓசையில்லாமல் ஆழத்துக்குக் கொண்டு போய்விடும். டியூபும் வேண்டாம், அடித்துக்கொண்டு போன பந்துக்குப் பின்னால் நீந்தவும் வேண்டாம்.

களப்பு கடலோடு சேரும் முகத்துவாரங்களில் எந்தக் காலத்திலும் இறங்காதீர்கள். வட்டுவாகலும் நாயாறும் அப்படிப்பட்டவை. பெண்கள் நீளப் பாவாடையோடு, சேலையோடு இறங்க வேண்டாம். நனைந்த துணி காலைச் சுற்றிக்கொள்ளும். அரைக்கால் நீளக் களிசானும் தடித்த பருத்திச் சட்டையும் போதும், ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

கைப்பேசியில் 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ் இரண்டையும் பதிந்து வையுங்கள். பெண்களுக்கான உதவிக்கு 1938.

மத்தியானம்

காலை பத்து மணிக்குப் பின் மணல் கொதிக்கும். அறைக்குத் திரும்பிக் குளித்து, சாப்பிட்டு, நித்திரை கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் தூங்கினால் வீணாய்ப்போகுமே என்று எண்ண வேண்டாம், ஓய்வுக்குத்தான் வந்தீர்கள். ஆனி, ஆடியில் நுங்கு வெட்டி விற்கிறவரைக் கண்டால் நின்று இரண்டு வாங்குங்கள்.

நடக்க விருப்பமுள்ளவர்கள் ஆட்கள் நடந்து தடம் பதிந்த பாதையில் மட்டும் நடங்கள். பற்றைக்குள், சவுக்குக்குள் குறுக்கு வழி பார்க்காதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். மணலில் துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொடாமல், ஊரவருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள்.

சாயங்காலம், வட்டுவாகலில்

கிழக்குக் கரையில் சூரியன் மறைவதைப் பார்க்க முடியாது என்பார்கள். வட்டுவாகலில் பார்க்கலாம். ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் நந்திக்கடல் களப்பு. நகரத்திலிருந்து ஓட்டோ பிடித்துப் போய், திரும்பிக் கூட்டிவரவும் அதே அண்ணனிடம் பேசிக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்கு அங்கே நின்றால் களப்பில் வீச்சுவலை எறிகிறவர்களைக் காணலாம். இறாலுக்குப் பேர்போன தண்ணீர் அது. கொக்கும் கூழைக்கடாவும் நின்ற இடத்திலேயே நிற்கும். வெளிச்சம் தங்க நிறத்திலிருந்து செம்புக்கு மாறி, கடைசியில் தண்ணீர் மட்டும் ஒளிர்ந்துகொண்டிருக்கும். படை முகாம்களின் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக என்னால் முடியாது. முல்லைத்தீவு நகரமும் கள்ளப்பாடும் 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை அள்ளிச் சென்ற ஊர்கள். அதற்கு ஐந்து ஆண்டு நிறைவதற்கு முன், 2009 மே மாதத்தில், இதே வீதியில் அப்பாலிருக்கும் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. உயிரோடு எஞ்சியவர்கள் வட்டுவாகல் பாலத்தைக் கால்நடையாகக் கடந்து வந்தார்கள். என் சித்தி அவர்களில் ஒருவர். இன்றும் பஸ் அந்த இடத்துக்கு வந்தால் யன்னலை மூடிவிட்டு மடியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆகவே அங்கே பாட்டைச் சத்தமாகப் போட வேண்டாம், கள்ளும் பியரும் கொண்டுபோக வேண்டாம், சிரித்த முகத்தோடு படம் பிடிக்கிற இடமாக அதை ஆக்க வேண்டாம். நினைவிடத்துக்குப் போவதானால் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பூ வைத்துவிட்டு வாருங்கள். கரையில் யாராவது தம் கதையைத் தாமாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். நீங்களாக அதைக் கிண்டாதீர்கள். இந்தச் சனங்கள் திரும்பவும் வாடி கட்டி, திரும்பவும் வலை போட்ட கரையில்தான் நமக்கு இளைப்பாற இடம் தருகிறார்கள்.

இருட்டுவதற்கு முன் அறைக்கு வந்துவிடுங்கள். பூரணை நாளானால் வட்டுவாகலை விட்டுவிட்டு, நகரக் கரையிலேயே ஆட்கள் இருக்கும் பக்கத்தில் நிலவுக்காகக் காத்திருங்கள்.

இரண்டாம் விடியல்

ஞாயிறு காலை கைப்பேசியை அறையில் வைத்துவிட்டுப் போங்கள். முதல் நாள் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, கேட்டாயிற்று, படமும் எடுத்தாயிற்று. இன்று வெறுமனே உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் கை கைப்பேசியைத் தேடும். அடுத்த பத்து நிமிடம் அலுவலகத்தில் முடிக்காத வேலை நினைவுக்கு வரும். அதற்குப் பிறகு என்ன வரும் என்று நான் சொல்ல மாட்டேன், அது ஆளுக்கு ஆள் வேறு. எனக்கு ஒரு முறை, பத்து வருடமாக நினைக்காத என் அப்பம்மாவின் குரல் வந்தது.

திரும்புதல்

மத்தியானத்துக்கு முன் புறப்படுகிற பஸ்ஸைப் பிடியுங்கள். ஞாயிறு மாலை பஸ்களில் வேலைக்கும் படிப்புக்கும் திரும்புகிறவர்களின் நெரிசல் இருக்கும். புறப்படும் நேரத்தை முதல் நாளே பஸ் நிலையத்தில் கேட்டு வையுங்கள்.

கருவாடு வாங்காமல் வர மனம் வராது. வாடியிலேயே, நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. பழைய பேப்பரில் மூன்று சுற்று, அதன் மேல் ஒரு பொலித்தீன் பை, அதையும் இறுக்கிக் கட்டிக் காலடியில் வையுங்கள். மேல் தட்டில் வைத்தால் மாங்குளம் வருவதற்குள் பஸ் முழுவதும் உங்களைத் திரும்பிப் பார்க்கும்.